சம்பந்தி கொடுத்த கத்தி

டக்.

கேட்டதா? கண்ணைத் திறக்காதீர்கள். திறந்தால் பிடி பளபளப்பாக இருக்கிறதே, மாட்டுக்கொம்பா மான்கொம்பா என்று மனசு அந்தப் பக்கம் போய்விடும். காது போதும். இப்போது இன்னொன்றை மடக்குகிறேன். ட்ளக். வித்தியாசம் தெரிகிறதா? முதல் கத்தியில் ஒரே சத்தம். இதில் ஒரு சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் ஒளிந்திருக்கிறது. உள்ளே ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த மாதிரிக் கத்தியை நான் வாங்கவே மாட்டேன். அப்புறம் இது எப்படி வீட்டுக்குள் வந்தது என்கிறீர்களா? வருகிறவர்களுக்குக் கெட்ட சத்தம் எப்படி இருக்கும் என்று காட்ட ஒன்று வேண்டாமா?

சரி, திறந்துகொள்ளுங்கள். இதுதான் அலமாரி. நாற்பத்து மூன்று. எல்லாம் மடக்குக் கத்திதான். பாதிக்குமேல் நம் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் பிடித்தவை. பழைய பிரெஞ்சு வீடுகளைக் காலி செய்யும்போது சாமான்கள் அங்கேதான் வந்து விழும். மார்க்கெட்டில் என்னைப் பற்றி என்ன சொல்லி அனுப்பினார்கள்? கலிவரதன், ஐஸ் பேக்டரி, முதலியார்பேட்டை, கத்திக்காரர். கொஞ்சம் கிறுக்கு என்றும் சொல்லியிருப்பார்கள். பரவாயில்லை. திண்டிவனத்திலிருந்து ஒரு மனிதர் பஸ் பிடித்து என் கத்திகளைப் பார்க்க வந்திருக்கிறார். கிறுக்கனைத் தேடி யார் வருவார்கள்?

"பூங்காவனம், தம்பிக்கு ஒரு காப்பி!"

என் மனைவி. நல்லவள். கத்தியைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது.

உங்கள் கத்தியைக் காட்டுங்கள். கொண்டுவந்திருப்பீர்களே. கையில் கொடுக்காதீர்கள், மேஜைமேல் வையுங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் வையுங்கள். ம். அலகு மோசமில்லை. விரித்துப் பிடித்தால் ஆட்டம் இல்லை. ஆனால் தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள், இந்தக் கிளிப் எதற்கு? பேண்ட் பாக்கெட்டில் மாட்டவா? கத்தி என்ன, பேனாவா? கிளிப் இருக்கிற கத்தி தன்னை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற கத்தி. நல்ல கத்தி பாக்கெட்டின் அடியில் சாவிக்குப் பக்கத்தில் பேசாமல் கிடக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நேராகப் பேசுவதுதான் என் வழக்கம். அதனால் எனக்குச் சில நஷ்டங்கள் உண்டு.

என் பெண் என்னோடு பேசி எட்டு மாசம் ஆகிறது. அதுவும் கத்தி விஷயம்தான். சொல்கிறேன். ஆனால் என் கொள்கைகளைத் தெரிந்துகொள்ளாமல் கேட்டால் நான்தான் தப்பு என்று தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பிளாஸ்டிக் பிடி கூடாது. அது உங்களுக்கே தெரியும். இன்னொருவன் பெயர் பொறித்த கத்தி கூடாது. அவன் செத்திருந்தாலும் கூடாது, செத்திருந்தால் இன்னும் கூடாது. சாணைக்காரன் சக்கரத்தில் வைத்துத் தீப்பொறி பறக்கவிட்ட அலகா, தொடவே மாட்டேன். பத்து வருஷம் தேய வேண்டியதை அவன் பத்து நிமிஷத்தில் தின்றுவிடுவான். முக்கியமானது, என் கத்தி எதையும் வெட்டக் கூடாது. இந்த நாற்பத்து மூன்றும் என்னிடம் வந்த பிறகு ஒரு நூலைக்கூட அறுத்ததில்லை. வெட்டினால் அது சாமான். வெட்டாமல் இருக்கிற வரைக்கும்தான் கத்தி.

"வந்தாரா, புதுக் கேஸு?" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள் பாருங்கள். "தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"அதெல்லாம் எதுக்குக் கேக்கற?"

"ஆவலேன்னா இப்பவே இந்தக் கத்திய விட்டுடச் சொல்லலாம்னுதான். ஆயிட்டிருந்தா அந்தப் பொண்ணுக்காக ஒரு தேங்காய் ஒடைக்கலாம்."

இப்படித்தான். நீங்கள் காப்பியைக் குடியுங்கள்.

எங்கே விட்டேன்? திருகுக் கம்பி. எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் அதுதான். ஒயின் பாட்டிலில் தக்கை இருக்குமே, அதைப் பிடுங்குகிற சுருள் கம்பி. பிரெஞ்சுக் கத்திகளில் முதுகுப்பக்கம் மடக்கி வைத்திருப்பார்கள். அலகு, ஸ்பிரிங், பிடி எல்லாம் சொக்கமாக இருக்கும், திருப்பினால் பின்னால் பன்றிவால் மாதிரி அது. பார்த்த மாத்திரத்தில் கீழே வைத்துவிடுவேன். திருகுக் கம்பி வைத்த கத்தியை வைத்திருக்கிறவனுக்குப் பாட்டில்தான் முக்கியம், கத்தி அதற்கு வேலைக்காரன். பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நான் குடிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. குடிப்பேன். கத்தியை அதில் இழுக்க மாட்டேன்.

இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. பத்தாம் வகுப்பு பெயில் நான். இருபத்தாறு வருஷமாக ராத்திரி ஷிப்ட். கம்ப்ரசர் ஓடுகிற இரைச்சலுக்குள் ஒரு போல்ட் தளர்ந்தால் எனக்குத் தெரியும், அந்தக் காதுதான் கத்திக்கும் வந்தது. எஃகைப் பற்றி ஒரு தடிப் புத்தகத்தைப் பழைய கடையில் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டு மாசம் படித்தேன். ராத்திரி வேலைக்காரனுக்கு ஊர் தூங்கும்போது விழிப்பு, ஊர் விழித்திருக்கும்போது தூக்கம். பெண் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் பாயை விரிப்பேன். அவள் திரும்பி வரும்போது நான் சட்டையை மாட்டுவேன். வாசற்படியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். "வரேன்பா" என்பாள், "போயிட்டு வரேன்மா" என்பேன். அப்படியே அவளுக்கு இருபத்தேழு ஆகிவிட்டது. இந்துமதி. பி.காம்.

போன ஐப்பசியில் அவளுக்கு வரன் வந்தது. சாதாரண வரன் இல்லை, சொல்தா வீட்டு வரன். உங்கள் ஊரில் அந்த வார்த்தை இல்லையா? பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் சொல்தா என்போம். ரத்தினசபாபதி என்று பெயர், உருளையன்பேட்டையில் வீடு. பையன் அமுதன், பிரான்சில் ரயில்வேயில் வேலை. பெண்ணுக்குப் பையனைப் பிடித்திருந்தது. என்னிடம் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். எனக்கும் பிடித்திருந்தது. யாருக்குப் பிடிக்காது?

பெண் பார்க்க வந்தார்கள். பூங்காவனம் கேசரி, பஜ்ஜி, தட்டு நிறையப் பழம் எல்லாம் வைத்தாள். ஆப்பிளை யாரும் தொடவில்லை. ஆப்பிளைக் கடித்துச் சாப்பிட்டால் மரியாதை இல்லை என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அந்த மனிதர் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு கத்தியை எடுத்தார். தம்பி, நான் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கறுப்புக் கொம்புப் பிடி. இடுப்பு வளைந்து, மெலிந்து. அதை விரித்து ஆப்பிளை நாலாக வெட்டி, விதையைச் சீவி, முதல் துண்டைக் கத்தி நுனியிலேயே குத்தி இந்துவிடம் நீட்டினார். "எடுத்துக்கம்மா. எங்க வீட்டுல இப்படித்தான்." அவளும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டாள்.

அவ்வளவு நல்ல கத்தியை ஆப்பிளில் விட்டாரே என்று அலகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாறு பட்டால் எஃகு கறுக்கும். ஆனால் நான் பார்த்த பார்வையை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"நீங்க கத்தி சேக்கறீங்களாமே? புரோக்கர் சொன்னாரு."

"ஏதோ, கொஞ்சம்."

"இது ஆப்பிரிக்காவுல, சாட் நாட்டுல இருந்தப்ப என் கூட்டாளி குடுத்தது. முப்பத்தெட்டு வருஷம். ரொட்டி, சீஸ், கோழி, காயம்பட்டவன் சட்டை, எல்லாத்தையும் இதுலதான் வெட்டியிருக்கேன்."

முப்பத்தெட்டு வருஷம் வெட்டியிருக்கிறார்! எனக்குக் கேட்கவே சங்கடமாக இருந்தது.

அடுத்த மாசம் தட்டு மாற்றினோம். இதே ஹாலில்தான். வெற்றிலை பாக்கு, பழம், புடவை எல்லாம் கைமாறி, தையில் முகூர்த்தம் என்று தேதியும் படித்துவிட்டார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலையில் பாயசம் விழுந்தபோது சொல்தா எழுந்து என் பக்கத்தில் வந்தார். கத்தியைப் புது வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சம்பந்தி, இது உங்களுக்கு. சும்மா வாங்கிக்காதீங்க, ஒரு ரூபா காசு குடுத்துட்டு எடுத்துக்குங்க. கத்திய சும்மா குடுத்தா உறவு அறுந்துடும்னு அங்கயும் சொல்லுவாங்க, இங்கயும் சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பூங்காவனத்தின் தம்பி அவசரமாக ஒரு ரூபாயைத் தேடி என் கையில் திணித்தான். நான் கைக்குட்டையைப் பிரித்தேன். விரித்தேன். சத்தம், அடடா, அப்பழுக்கில்லாத சத்தம். ஆட்டம் இல்லை. அலகைத் திருப்பினேன், முதுகைத் தடவினேன்.

அங்கே இருந்தது. திருகுக் கம்பி. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர் உள்ளங்கையில் மறைந்திருந்திருக்கிறது.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய முடியும்? வாங்கிக்கொண்டு உள்ளே வைத்துவிட்டிருக்கலாமே என்று ஊரே கேட்கிறது. எங்கே வைப்பது? இந்த அலமாரியில் வைத்தால் மற்ற நாற்பத்து மூன்றுக்கு என்ன மரியாதை? ரொம்பப் பணிவாகத்தான் சொன்னேன். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல திருகுக் கம்பி இருக்கு. இந்த ஜாதிக் கத்திய நான் சேக்கறதில்ல." சொல்லிவிட்டுக் கைக்குட்டையிலேயே நேர்த்தியாகச் சுற்றி அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். பிடிக்குப் பாலிஷ் போட எந்த எண்ணெய் நல்லது என்றும் சொன்னேன். அந்த ஒரு ரூபாயை மச்சானிடம் திருப்பிக் கொடுத்தேன்.

சொல்தா கத்தியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அவர் இலையில் பாயசம் அப்படியே இருந்தது. சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் இந்து என் எதிரில் வந்து நின்றாள். வாசற்படியில் இல்லாமல், வீட்டுக்குள், என் முகத்துக்கு நேராக அவள் அவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

"அப்பா, நாளைக்கே போயி அந்தக் கத்திய வாங்கிக்கிட்டு வா."

"உனக்கு இது புரியாதும்மா."

"எனக்குக் கத்தி புரிய வேணாம். அந்த மனுஷன் தன்கிட்ட இருந்ததுலயே நல்லதக் கொண்டாந்து குடுத்தாரு. நீ அதுல குத்தம் பார்த்த. நாளைக்கு நான் அந்த வீட்டுல போய் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிப்பேன்?"

"கத்தியைத்தானேம்மா குத்தம் சொன்னேன்? அவரச் சொல்லலியே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கிடு. அவ்ளோதான் கேக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல." உள்ளே போகத் திரும்பிக்கொண்டே, "எப்பவும் ஒண்ணும் கேட்டதில்ல" என்றாள்.

இரண்டு மாசம் இருந்தது. போயிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் இரண்டு தடவை உருளையன்பேட்டை வரைக்கும் சைக்கிளில் போனேன். தெருமுனையில் நின்றால் மனசு கேட்காது. இன்றைக்குத் திருகுக் கம்பியை விட்டுக்கொடுத்தால் நாளைக்குப் பாட்டில் ஓப்பனர். அதற்கடுத்து நெயில் கட்டர் வைத்த கத்தி. எங்கே போய் நிற்கும்?

தை வந்தது. முதல் நாள் வரவேற்பில் நின்றேன், சிரித்தேன், போட்டோ எடுத்தார்கள். அன்றைக்கும் ஷிப்டுக்குப் போய்விட்டேன். மாற்று ஆள் இல்லை. இருந்தான், எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை. எல்லோரும் மண்டபத்தில், நான் மட்டும் காலையில் வீட்டுக்கு வந்து குளித்துப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எட்டரை மணி. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மண்டபம் வில்லியனூர் ரோட்டில், காரில் கால்மணி நேரம். வாசலில் கார் வந்து நின்றது. சொல்தாவின் டிரைவர், மணவாளன் என்று ஒருவர்.

"ஐயா, பெரியவர் உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. இதையும் குடுக்கச் சொன்னாரு. ஒரு ரூபா மட்டும் வாங்கிக்கிட்டு வரணுமாம்."

அதே வெள்ளைக் கைக்குட்டை. பிரித்தேன். விரித்தேன். முதுகைத் தடவினேன்.

திருகுக் கம்பி இல்லை.

அது இருந்த இடத்தில் அரம் போட்ட தழும்பு. அறுத்து எடுத்திருக்கிறார்! எப்பேர்ப்பட்ட கத்தி!

"என்னய்யா இது? யாரு இத அறுத்தது?"

"பெரியவர்தாங்க. முந்தாநாள் லேத் பட்டறைக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். பட்டறைக்காரரே வேணாங்க, நல்ல பொருள்னாரு. இவரு, சம்பந்திக்கு அது ஆவாதுப்பான்னு சொல்லி நின்னு அறுத்து வாங்கினாரு."

"யோவ், அறுத்த கத்திய எப்படிய்யா வெச்சிக்கிறது? கம்பெனியில எப்படி வந்துச்சோ அப்படி இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. திருகுக் கம்பியோட இருந்தாக் கூட அது ஒரு முழுக் கத்தி. எனக்குப் பிடிக்காத முழுக் கத்தி. இது இப்ப எதுவுமே இல்ல!"

"ஐயா, நேரம் ஆவுது. ஒரு ரூபா குடுங்க, கார்ல பேசிக்கலாம்."

அந்த ஆளுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு! இதே நாற்காலியில்தான் உட்காரவைத்தேன். இதோ, இந்தப் பதினேழாம் நம்பர் கத்தியை எடுத்துக் காட்டினேன். தொழிற்சாலையில் போட்ட முதுகு எப்படி இருக்கும், அரம் போட்ட முதுகு எப்படி இருக்கும், விரலை வைத்துப் பார் என்றேன். அவர் விரலை வைக்கவில்லை. அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வரோம், இதோ கிளம்பிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இருபத்தொன்பதாம் நம்பரை எடுத்தேன். அவர் எழுந்து நின்றார். திரும்ப உட்கார்ந்தார். கடைசியில் ஒரு தடவை போன் அடித்தது, எடுத்துக் கேட்டார், அப்படியே மடியில் வைத்துக்கொண்டார். எனக்கும் கேட்டது. கெட்டிமேளம்.

பூங்காவனத்தின் தம்பியும் அவன் மனைவியும் தாரை வார்த்துக் கொடுத்தார்களாம். பத்தேகாலுக்கு மேல் காத்திருக்க முடியாது என்று ஐயர் சொல்லிவிட்டாராம். கைநிறையத் தண்ணீரோடு என் பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பூங்காவனம் சொன்னாள். அதை அவள் ஒரு தடவைதான் சொன்னாள்.

டிரைவர் கத்தியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பூங்காவனம் என்னைக் கேட்காமல் தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு, டவுன்பஸ்ஸில் ஏறிப்போய் சொல்தா கையில் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் அரம் போடும்போது யோசித்திருக்க வேண்டாமா?

மூன்றாம் மாசம் விசா வந்தது, இந்து போய்விட்டாள். விமான நிலையத்தில் எனக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டாள். பேசவில்லை. சொல்லுங்கள் தம்பி, ஒரு கத்திக்காக யாராவது பெற்ற அப்பனோடு பேசாமல் இருப்பார்களா? கத்திக்குப் போய் இவ்வளவு முக்கியத்துவமா? படித்த பெண்.

அந்தக் கத்தியா? இந்த அலமாரியில் இல்லை. உள்ளே நறுக் நறுக் என்று கேட்கிறதே, அதுதான். அவரைக்காய். எட்டு மாசமாக இந்த வீட்டில் எல்லாம் அதிலேதான். வெங்காயம், மீன், தேங்காய்ப் பத்தை. மழுங்கினால் பூங்காவனம் பீங்கான் கப்பின் அடியில் நாலு இழு இழுத்துக்கொள்கிறாள். நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

இருங்கள், போன் அடிக்கிறது. இந்துதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அம்மாவைக் கூப்பிடுவாள். கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள்.

"எந்திரிச்சிட்டியா? மாப்பிள்ளை டூட்டிக்குப் போயிட்டாரா? ... நான் நல்லாத்தான் இருக்கேன். ... அவரைக்காய்டி. அதுலதான் நறுக்கறேன், வெண்ணெய் மாதிரி போவுது, மாமாகிட்ட பேசறப்ப சொல்லு. ... என்னது? உண்மையாவா? எத்தினி நாள் ஆச்சு? ... அடி என் தங்கமே! ... அழுவல, அழுவல, வெங்காயம். ... அப்பாவா? இருக்காரு. திண்டிவனத்துல இருந்து யாரோ கத்தி பார்க்க வந்திருக்காங்க. ... குடுக்கட்டுமா? ... ஏண்டி, இந்த சேதியவாவது ... இந்து? ... சரி. சரிம்மா. ஒடம்பப் பார்த்துக்க. வெச்சிடு."

நான் எழுந்தது நாற்காலி வழுக்கியதால். ஒன்றுமில்லை, உட்காருங்கள். லைன் போயிருக்கும். அங்கே இந்த மாசம் குளிர் ஆரம்பித்துவிடும், குளிர் வந்தால் சிக்னல் சரியாகக் கிடைக்காது. வெங்காயம் என்றாளே, வெங்காயமே இல்லை, நான்தான் நேற்று வாங்க மறந்துவிட்டேன்.

தம்பி, அந்த இருபத்தொன்பதாம் நம்பரை எடுத்துப் பாருங்கள். பிடியைப் பாருங்கள். இல்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கையில் எண்ணெய்.

என்ன எட்டிப் பார்க்கிறீர்கள்? ஒன்றுமில்லை. போனை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற அவரைக்காயை நறுக்குகிறாள்.